பல்கலைக்கழகத்தில் பணியிடத் தொந்தரவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் துறைத்தலைவர் யாரையும் திட்டுவதில்லை. ஆனால் துறைக் கூட்ட அறிவிப்பு எனக்கு மட்டும் வருவதில்லை. நடவடிக்கைக் குறிப்பில் ‘வரவில்லை’ என்று ஏறிவிடுகிறது. இது துன்புறுத்தலா?
– உதவிப் பேராசிரியர்

தொடர்ந்து நடந்தால், ஆம். படித்தவர்கள் கூடும் இடத்தில் கொடுமை கத்திக்கொண்டு வராது, கோப்பு வழியாகத்தான் வரும். ஸ்வீடனில் இதை 1980-களில் ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமான் 45 வகைச் செயல்களைப் பட்டியலிட்டார். பேசவிடாமல் குறுக்கிடுவது, எதிரில் ஆளே இல்லாததுபோல் நடந்துகொள்வது, அர்த்தமில்லாத வேலையைத் தலையில் கட்டுவது எல்லாம் அதில் உண்டு. வாரம் ஒருமுறையாவது, ஆறு மாதமாவது நடக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவு. அது ஆய்வுக்காகப் போட்ட கோடு. ஆறு மாதம் முடியட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

இன்றே குறிப்பெழுத ஆரம்பியுங்கள். ‘ரொம்ப அவமானப்படுத்தினார்’ என்று எழுதினால் விசாரணையில் நிற்காது. ‘செவ்வாய் காலை 11 மணிக்குக் கூட்டம். மற்றவர்களுக்குத் திங்கள் மாலையே மின்னஞ்சல் போயிருக்கிறது, எனக்கு வரவில்லை’ என்பது நிற்கும். அன்றே துறைத்தலைவருக்கு இரண்டு வரி அனுப்புங்கள்: ‘இன்றைய கூட்ட அறிவிப்பு எனக்கு வந்து சேரவில்லை. இதைக் குறிப்பில் பதிவுசெய்ய வேண்டுகிறேன்.’ அதில் குற்றச்சாட்டு தொனியே வேண்டாம். பதில் வந்தாலும் ஆதாரம், வராவிட்டாலும் ஆதாரம். குறிப்பேடு வீட்டில் இருக்கட்டும். ஆனால் மாணவர் மதிப்பெண், ரகசியக் கோப்பு எதையும் நகலெடுத்துப் போகாதீர்கள். அப்புறம் விசாரணை உங்கள் மேல் திரும்பிவிடும்.

ஒப்பந்த முறையில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். பேராசிரியர் மாணவர்கள் முன்னாலேயே கத்துகிறார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் கையெழுத்துதான் வேண்டும்.

வந்த கேள்விகளில் சிக்கலானது இதுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை, ஒப்பந்த வகை எதுவானாலும் வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. பயிற்சியாளர், வேலைக்கு விண்ணப்பிப்பவர்கூட அதில் அடக்கம். ஆனால் உங்கள் நாடு அதை ஏற்றிருக்க வேண்டும். அதனால் பல்கலைக்கழகத்தின் புகார் விதியில் ஒப்பந்தப் பணியாளர்கள் வருகிறார்களா என்று முதலில் பாருங்கள். புதுப்பிப்புக்கு என்னென்ன தகுதி பார்ப்பார்கள் என்பதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கம் இருந்தால் அதன் வழியாக, இல்லாவிட்டால் இதே கத்தலைக் கேட்கும் இன்னொருவரோடு சேர்ந்து புகார் கொடுங்கள். நடுவில் வேறு வேலை தேடுவது கோழைத்தனம் இல்லை. புகார் கொடுத்தே தீர வேண்டும் என்று வெளியிலிருந்து தைரியம் சொல்பவர்கள் உங்கள் வாடகையைக் கட்டப்போவதில்லை.

தாமதமாக வருபவரிடம் விளக்கம் கேட்டேன். நான் அவரைத் தொந்தரவு செய்வதாகச் சொல்கிறார்.
– பிரிவு அதிகாரி

விளக்கம் கேட்பது உங்கள் வேலை. ஆனால் தாமதமாக வரும் எல்லாரிடமும் கேட்டீர்களா? அறைக்குள் கேட்டீர்களா, கவுன்டரில் எல்லார் முன்னிலும் கேட்டீர்களா? இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் கவலை வேண்டாம்.

சக ஊழியரை எல்லாரும் ஒதுக்குகிறார்கள். நான் என்ன செய்வது?

கூட்டத்தில் அவரை மடக்கும்போது, ‘அவர் சொல்லி முடிக்கட்டும், சார்’ என்று சொல்லுங்கள். அப்புறம் மதியம் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாட்சி சொல்வதைப் பற்றி அவர் கேட்கும்போது யோசிக்கலாம்.