ஆடு காப்பாற்றிய ஊர்

கேள்வி: இங்கிலாந்தில் மண்ணுக்குள் போன பழைய கிராமங்களை விமானப் படங்களில் கண்டுபிடிக்கிறார்களாமே! அது எப்படி? எல்லாம் கொள்ளைநோயில் அழிந்த ஊர்களா?
– வாசகர், கரூர்

பதில்: மண்ணைத் துளைத்துப் பார்க்கும் கேமரா எதுவும் இல்லை. காட்டிக்கொடுப்பது பயிரும் வெயிலும்தான். தூர்ந்துபோன பழைய வாய்க்காலில் ஈரம் தங்குவதால் அதன்மேல் பயிர் செழித்து நிற்கும். அடியில் கல்சுவர் இருந்தால் வேர் இறங்க வழியில்லாமல் பயிர் குட்டையாகி முன்னாடியே மஞ்சளாகிவிடும். வறட்சி வந்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும், 2018 கோடையில் பிரிட்டன் காய்ந்து கிடந்தபோது அதுவரை யாருக்கும் தெரியாத பல இடங்கள் படத்தில் சிக்கின.

மேய்ச்சல் நிலத்தில் வெயில் சாயும் நேரம் பார்த்துப் பறப்பார்கள். முழங்கால் உயர மேடுகூட அப்போது நீளமாக நிழல் போடும். யார்க்‌ஷயரில் இருக்கும் வார்ரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட ஊரில் தரையில் நடந்தால் புல் மூடிய மேடுபள்ளம்தான். மேலிருந்து பார்த்தால் பள்ளமாகத் தேய்ந்த தெரு, வரிசையாக வீட்டுமனைகள், பின்னால் கொல்லைகள். இடைக்கால வயல்களின் நீளப் பாத்திகளும் இப்படித்தான் தெரிகின்றன. அவை பல இடங்களில் லேசாக வளைந்திருக்கும், காரணம் பல ஜோடி மாடு பூட்டிய நீண்ட ஏரை வயல் முனையில் சட்டென்று திருப்ப முடியாது, கொஞ்சம் முன்பிருந்தே வளைத்துக்கொண்டு வரவேண்டும்.

கொள்ளைநோய்க்கு வருவோம். 1348-49இல் ஜனத்தொகையை அது பெருமளவு குறைத்தது உண்மைதான், ஆனால் அந்த ஒரே அடியில் காலியான ஊர்கள் குறைவு. அப்புறம் ஆள் கிடைக்காமல் கூலி ஏறியது, கம்பளி நல்ல விலை போனது, நிலச்சொந்தக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துக் குடியானவர்களை அனுப்பிவிட்டு ஆடு விட்டார்கள். வார்ரம் பெர்சியின் கடைசிக் குடும்பங்களும் 1500 வாக்கில் அப்படி வெளியேற்றப்பட்டவைதான். இங்கிலாந்தில் கைவிடப்பட்ட இடைக்கால ஊர்கள் சுமார் 3,000. அவற்றில் ஆடு மேய்ந்த ஊர்களில்தான் மேடுகள் அப்படியே மிஞ்சியிருக்கின்றன, பிறகு ஏர் ஓட்டிய இடங்களில் எல்லாம் மட்டமாகிவிட்டது. ஊரைக் காலி செய்த ஆடே அதன் வரைபடத்தையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது!

கேள்வி: சரி, படமே போதுமா? தோண்ட வேண்டாமா?
– அதே வாசகர்

பதில்: தோண்டியே ஆகவேண்டும். வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் வார்ரம் பெர்சியில் 1950இலிருந்து 1990 வரை கோடைதோறும் தோண்டினார்கள். படத்தில் தெரிவது ஊரின் கடைசிக் கோலம் மட்டும், அதற்கு அடியில் ஒரே மனையில் திரும்பத் திரும்ப இடித்துக் கட்டிய வீடுகள் கிடந்தன.