தொங்கும் சீலிங் டைல்: கோளாறு டைலிலா, சட்டத்திலா?

கேள்வி: மொட்டைமாடிக்குக் கீழுள்ள ஹாலில் 2க்கு 2 அடி மினரல் ஃபைபர் டைல் போட்டு நாலு வருடமாகிறது. ஆடி மழைக்குப் பிறகு ஏழெட்டு டைல்கள் நடுவில் தொங்குகின்றன. ஒன்றில் பழுப்பு வட்டமும் இருக்கிறது. புது டைல் மாற்றினால் போதுமா?
– வாசகர், தக்கலை

பதில்: போதாது. காரணத்தை அப்படியே விட்டால் ஐப்பசி மழைக்குப் புது டைலும் தொங்கும். முதலில் சுவருக்குச் சுவர் நூல் பிடித்து, டைல்களைத் தாங்கும் டீ (T) வடிவ உலோகச் சட்டத்தைப் பாருங்கள். சட்டம் நேராக இருந்து டைல் மட்டும் வளைந்திருந்தால் ஈரம்தான் காரணம். மினரல் ஃபைபர் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தன் எடையாலேயே தொய்யும். நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்வதால் அது காய நாள் கிடைப்பதில்லை. காயவைத்தாலும் பழைய தட்டை நிலைக்கு முழுதாகத் திரும்பாது, மாற்றத்தான் வேண்டும்.

பழுப்பு வட்டம் சொட்டுநீரின் அடையாளம். அந்த டைலை எடுத்துவிட்டு டார்ச் அடித்து மேலே பாருங்கள். தளத்தில் ஈரத் தடம் இருந்தால் மாடிக் கசிவு. கசிவை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகே புது டைல் போடவேண்டும். தளம் உலர்ந்திருந்தால், உறை கிழிந்த ஏசி செம்புக் குழாயில் வியர்க்கும் நீராக இருக்கலாம். சமையலறைச் சிம்னிக் குழாயைச் சுவருக்கு வெளியே விடாமல் சீலிங்குக்குள்ளேயே விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இது பலர் கவனிக்காத தவறு.

சட்டமே இறங்கியிருந்தால் தொங்குகம்பி தளர்ந்திருக்கும், அல்லது இடைவெளி கூடியிருக்கும். மெயின் டீயில் (சட்டத்தின் நீளமான முதன்மைப் பட்டையில்) 1200 மி.மீ.க்கு ஒரு கம்பி வேண்டும். இல்லாத இடத்தில் தளத்தில் ஆங்கர் அடித்துக் கம்பி சேர்த்து, நூல் மட்டத்துக்குத் தூக்குங்கள். பிறகு கட்டத்தின் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். 600 மி.மீ. கட்டத்தில் இரண்டும் சுமார் 849 வரவேண்டும். 24 மி.மீ. டீயில் 595 மி.மீ. டைல் ஒரு பக்கத்துக்கு 9 அல்லது 10 மி.மீ. மட்டுமே உட்காரும், கட்டம் கோணலானால் ஒரு மூலை நழுவிவிடும்.

டைலைக் கழற்றுமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள். முகமூடி, கண்ணாடி அவசியம். டைலை மேலே தூக்கி, சாய்த்துக் கீழே இறக்கவேண்டும். ஓர டைலை இரும்பு ஸ்கேல் வைத்துக் கத்தியால் வெட்டலாம். இறுக்கித் திணித்தால் விளிம்பு உடையும். 2, 3 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். ஈரத்துக்குக் கால்சியம் சிலிகேட் டைல் நல்லது. ஆனால் எடை கூடுதல் என்பதால் கம்பிகளைச் சரிபார்த்துவிட்டே போடுங்கள்.

கேள்வி: கடலோர வீடு. சீலிங்கின் தொங்குகம்பிகள் துருப்பிடித்திருக்கின்றன. பெயின்ட் அடிக்கலாமா?
– வாசகி, குளச்சல்

பதில்: மேலாகத் துருப்பிடித்தால் தேய்த்து அடிக்கலாம். பொருக்காக உதிர்ந்தால் கம்பி மெலிந்துவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள். பழைய கம்பியைப் புதியது இழுவை தாங்கிய பிறகே வெட்டவேண்டும். ஃபேனைச் சீலிங் சட்டத்தில் மாட்டவே கூடாது, தளத்துக் கொக்கியில்தான் மாட்டவேண்டும். எல்இடி பேனலுக்கும் எதிரெதிர் மூலைகளில் தனிக் கம்பி கட்டுங்கள்.