காரியவட்டத்துல படிக்கப் போலாமா? குமரி மாவட்டத்துப் பிள்ளைங்களுக்கு கேள்வி பதில்

நான் குழித்துறை பக்கம். திருவனந்தபுரம் பக்கத்துல இருக்கற, கேரளா யூனிவர்சிட்டியோட காரியவட்டம் கேம்பஸ்ல எம்.ஏ. முடிச்சு அங்கயே பி.எச்.டி.யும் பண்ணி ஏழு வருஷம் கெடந்தேன். டிகிரி ரிசல்ட் வந்ததுல இருந்து ஒரே கேள்விய பத்து பேரு தனித்தனியா கேக்குறீங்க, அதான் எல்லாரும் ஒரே இடத்துல கேளுங்கன்னு சொன்னேன்.

கேள்வி (மார்த்தாண்டம், பி.எஸ்சி. கடைசி வருஷம்): அக்கா, கேரளா யூனிவர்சிட்டி பி.ஜி. அட்மிஷன்னு தேடுனா ரெண்டு மூணு லிங்க் வருது. எதுல போடணும்?

ரெண்டும் வேற வேற மக்களே. யூனிவர்சிட்டி காலேஜ், விமன்ஸ் காலேஜ் மாதிரி அஃபிலியேட்டட் காலேஜுக்கு மார்க் வச்சு அலாட்மெண்ட் போடுவாங்க. காரியவட்டத்துல இருக்கற யூனிவர்சிட்டியோட சொந்த டிபார்ட்மெண்டுக்கு தனி அப்ளிகேஷன், என்ட்ரன்ஸ் எழுதணும், அத சி.எஸ்.எஸ்.னு சொல்லுவாங்க. எங்க தெரு பொண்ணு ஒண்ணு காலேஜுக்கு போட்டுட்டு காரியவட்டம் கிடைக்கும்னு உக்காந்திருந்தா, இங்க என்ட்ரன்ஸே முடிஞ்சு போச்சு. ரெண்டுலயும் போடு.

கேள்வி (களியக்காவிளை): தமிழ்நாட்டு டிகிரி அங்க செல்லுமா?

செல்லும். ஆனா எல்லாரும் மலையாளத்த நெனச்சு பயப்படுறீங்களே, பயப்பட வேண்டியது இந்த காயிதத்துக்குத்தான். வேற யூனிவர்சிட்டி டிகிரின்னா எலிஜிபிலிட்டி சர்டிபிகேட் கேப்பாங்க, அதாவது உன் டிகிரியும் இவங்க டிகிரியும் சமம்னு இவங்களே எழுதித் தரணும், அதுக்கு மார்க் ஷீட்டோட சிலபஸும் வேணும்னு கேக்கலாம், அதனால படிச்ச காலேஜ விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே சிலபஸ் காப்பி எடுத்து சீல் வாங்கி வச்சுக்கோ. அதோட டி.சி. ஒண்ணு, வேற யூனிவர்சிட்டிக்கு மாறிப் போக பழைய யூனிவர்சிட்டி தர்ற மைக்ரேஷன் சர்டிபிகேட் ஒண்ணு, ரெண்டும் வேணும்.

என் கதைய கேளு. மைக்ரேஷனுக்கு பணம் கட்டி ஒரு மாசம் ஆச்சு, ஆபீஸ்ல கேட்டா "தபால்ல அனுப்பியாச்சு". வீட்டுக்கு வரல. மூணு தடவை பஸ் ஏறி போனேன், மூணு தடவையும் அதே பதில். நாலாவது தடவை அப்பாவும் கூட வந்தாரு, அவரு சத்தம் போட்டதும் ஒரு சார் எந்திரிச்சு பீரோவ தெறந்தாரு, கவர் அங்கதான் இருந்துச்சு, அட்ரஸ் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, அழகா. கதவு நம்பர் இல்லன்னு அனுப்பலயாம். அதுக்குள்ள காரியவட்டத்துல சேர்ற கடைசி தேதி போச்சு. டிபார்ட்மெண்ட்ல மேடம் ஒருத்தங்க பேசி, பின்னால தர்றேன்னு அண்டர்டேக்கிங் எழுதி வாங்கி சேத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் அப்படி ஒரு மேடம் கிடைக்கும்னு நம்பி இருக்காதீங்க.

கேள்வி (ஆரல்வாய்மொழி): எனக்கு மலையாளம் சுத்தமா வராது.

கிளாஸ் பெரும்பாலும் இங்கிலீஷ்தான், பரிட்சையும் அப்படித்தான். ஆபீஸ் நோட்டீஸ் மலையாளத்துல இருக்கும், யாரையாவது வாசிக்கச் சொல்லு. விளவங்கோடு பிள்ளைகளுக்கு இது பிரச்சனையே இல்ல, நாம வீட்ல பேசுறதே பாதி அதுதானே. உங்க பக்கத்து பிள்ளைங்கதான் மொத மாசம் முழிப்பாங்க. என் ரூம்ல வள்ளியூர் பொண்ணு ஒருத்தி இருந்தா. மெஸ்ல சோறு போடுற அக்கா ஒரு கரண்டி வச்சுட்டு "மதியோ?"ன்னு கேப்பாங்க, இவ மதியச் சாப்பாடான்னு கேக்குறாங்கன்னு நெனச்சு தலைய ஆட்டுவா, அவங்களும் போதும்னு சொல்றான்னு அடுத்த தட்டுக்கு போயிருவாங்க. மூணு நாள் அரை வயிறு. ராத்திரி பிஸ்கட் பாக்கெட்டோட அழுதுட்டு இருந்தப்பதான் விஷயமே தெரிஞ்சுது.

கேள்வி (அருமனை, ஒரு அப்பா): அங்க எப்பவும் கொடி, ஸ்ட்ரைக்னு சொல்றாங்களே, மகள தைரியமா விடலாமாம்மா?

மாமா, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். எஸ்.எஃப்.ஐ., கே.எஸ்.யு., ஏ.பி.வி.பி.ன்னு ஸ்டூடண்ட் அமைப்பு எல்லாம் உண்டு, எலெக்ஷன் வந்தா கேம்பஸே போஸ்டர்தான், சில நாள் கிளாஸ் நடக்காது, சில காலேஜ்ல கை கலப்பும் நடக்கும். நான் ஏழு வருஷத்துல எந்தக் கட்சியிலயும் சேரல, யாரும் கைய புடிச்சு இழுக்கவும் இல்ல. ஸ்டூடண்ட் பாலிடிக்ஸ்னாலே அடிதடின்னு மட்டும் நெனைக்காதீங்க. 2023 ஜனவரியில கொச்சியில இருக்கற குசாட் யூனிவர்சிட்டியில ஸ்டூடண்ட்ஸ் யூனியன் கேட்டுத்தான் பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் லீவ் வந்துச்சு, அதே மாசம் சர்க்கார் எல்லா ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கும் கொடுத்துருச்சு, அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேணும்ங்கறது பொண்ணுங்களுக்கு 73 ஆச்சு. நம்ம ஊர் காலேஜ்ல இத வாய் விட்டு கேக்க முடியுமா சொல்லுங்க.

கேள்வி (குழித்துறை): டெய்லி வீட்ல இருந்து போய் வரலாமா?

நானும் ஒரு செமஸ்டர் வீரம் காட்டுனேன். தம்பானூர், அதான் திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷன், அது வரைக்கும் டிரெயின் சுகம்தான், அதுக்கப்புறம் பஸ் புடிச்சு உள்ளூர்னு ஒரு இடம், ஸ்ரீகாரியம், ரெண்டையும் தாண்டணும் பாரு, அங்கதான் உயிர் போகும். காரியவட்டம் பக்கத்துல இருக்கற கழக்கூட்டம் ஸ்டேஷன்ல நிக்கிற டிரெயின் கிடைச்சா கொஞ்சம் தேவலை. ஹாஸ்டலுக்கு போட்டுரு.

கேள்வி (தக்கலை): ரிசர்வேஷன், ஸ்காலர்ஷிப் கிடைக்குமாக்கா? நான் பி.சி.

அங்க சாதி ரிசர்வேஷனும் இ-கிராண்ட்ஸ்ங்கற அவங்க ஸ்காலர்ஷிப்பும் கேரளாக்காரங்களுக்குத்தான், நாம பொதுவுல போட்டி போடணும். இத முன்னாலயே தெரிஞ்சுக்கோ, இன்டர்வியூல போய் திகைக்காத. ஆராய்ச்சிக்கு வந்துட்டா இந்தக் கணக்கு மாறும், நெட் பரிட்சை எழுதி ஜே.ஆர்.எஃப்.ங்கற ஆராய்ச்சி ஸ்காலர்ஷிப் வாங்கிட்டா பணம் சென்ட்ரல்ல இருந்து வரும், எந்த ஊருன்னு பாக்க மாட்டாங்க. 2023-ல இருந்து மாசம் 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு எஸ்.ஆர்.எஃப்., அதாவது சீனியர் ஆனா 42,000. சில நேரம் நாலஞ்சு மாசம் சேந்துதான் வரும், அதுக்குள்ள அண்ணன்கிட்ட கடன் வாங்கி வாங்கி எனக்கு மானமே போச்சு.

கேள்வி (நாகர்கோவில், ரிட்டயர்டு வாத்தியார்): எங்க அப்பா காலத்துல அது நம்ம யூனிவர்சிட்டிதானே அம்மா?

ஆமா சார், நல்லா கேட்டீங்க. 1937-ல சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துல திருவிதாங்கூர் யூனிவர்சிட்டின்னு ஆரம்பிச்சது, அப்ப தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-ல நாம மெட்ராஸ் ஸ்டேட்டுக்கு வந்தோம், அடுத்த வருஷம் அது கேரளா யூனிவர்சிட்டின்னு பேர் மாறுச்சு. ஆனா ஆளுங்க போக்குவரத்து நிக்கல. அங்க மொழியியல் டிபார்ட்மெண்ட உண்டாக்குன வ.அய். சுப்பிரமணியம் வடசேரிக்காரரு, அவருதான் 1981-ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு மொத துணைவேந்தரா போனாரு. வையாபுரிப் பிள்ளையும் 1950-கள்ல அங்க தமிழ் புரொபசரா இருந்திருக்காரு.

இன்னொண்ணு சார். காரியவட்டத்துல ஓலைச்சுவடி லைப்ரரி ஒண்ணு இருக்கு, 60,000-க்கு மேல சுவடி, தமிழும் உண்டு. மொத தடவை உள்ள போனப்ப எனக்கு வந்தது புல்தைல வாசனைதான், ஓலைய பூச்சி அரிக்காம இருக்க அதத்தான் தடவுறாங்க. பழைய ஓலை மேல மைய பூசி துணியால தொடச்சா, வெறும் மஞ்சள் பட்டையா கெடந்ததுல எழுத்து ஒவ்வொண்ணா கருப்பா எந்திரிச்சு வரும், பாத்துட்டே இருக்கலாம். திருநெல்வேலி தருவையில பொறந்த சமஸ்கிருத பண்டிதர் கணபதி சாஸ்திரி, காணாம போச்சுன்னு நெனச்ச, பாசன்ங்கற பழைய சமஸ்கிருத கவியோட நாடகச் சுவடிய எடுத்தது எங்கன்னு நெனக்கிறீங்க? பத்மநாபபுரம் பக்கத்துல நம்ம மணலிக்கரையில. 1912-ல இருந்து திருவனந்தபுரத்துல அச்சாச்சு. மணலிக்கரை வழியா எத்தன தடவை பஸ்ல போயிருப்பேன், இது எனக்கு காரியவட்டம் போனப்புறம்தான் தெரிஞ்சுது.

கேள்வி (பேர் வேண்டாம்): கேம்பஸ்ல ஹைமவதி குளத்துல பேய் இருக்குன்னு சொல்றாங்களே, நெஜமாக்கா?

சீனியர்ஸ் மொத வாரமே உனக்கும் அந்தக் கதைய சொல்லுவாங்க, ராத்திரி கூட்டிட்டும் போவாங்க. நான் போனேன். பேய பாக்கல, ரெண்டு தடவை பாம்பு பாத்தேன். டார்ச் எடுத்துட்டுப் போ, செருப்பு போட்டுக்கோ.