பட்டறை அக்கா பதில்கள்

குன்னூரில் எங்கள் டிங்கரிங் பட்டறை. வெல்டிங்கும் பெயிண்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. எஸ்டிமேட், பில், கஸ்டமரோடு சண்டை மூன்றும் என் பொறுப்பு.

அப்பா தேயிலைக் கொழுந்து ஏற்றிய 1965 டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியைப் பழையபடி ஆக்கக் கொடுத்தேன். முதலில் ஒரு தொகை சொன்னார்கள். கேபினைப் பிரித்த பிறகு இரண்டு மடங்கு கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா அக்கா?
*– கோத்தகிரி வாசகர்*

பிரிக்காமல் முதல் தொகையைச் சொன்னார்களே, அங்கேதான் தப்பு. அறுபது வருஷ வண்டியை வெளியே நின்று பார்த்து ரேட் சொல்ல யாராலும் முடியாது. பள்ளத்தை நிரப்பும் பூச்சான பட்டியை மேலே மேலே போட்டு எத்தனை கை மாறியிருக்கும்! பீரோவில் ஒட்டுகிற காந்தத்தை ஒரு துணியில் சுற்றி, மட்கார்டு ஓரத்திலும் கதவின் அடிப்பகுதியிலும் வைத்துப் பாருங்கள். பிடிக்காமல் நழுவினால் அங்கே தகரம் இல்லை, அல்லது தகரத்தின் மேல் கனமாகப் பட்டி இருக்கிறது. நம் ஊர் மேகத்தில் ஈரம் உள்ளேயே தங்கும். மிதியடி ரப்பரைத் தூக்கினால் தரை பொலபொலவென்று கையோடு வரும்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் பெரும்பாலும் சேஸ் என்கிற அடிச்சட்டமும், மூக்கு என்கிற பானெட் பகுதியும்தான் கம்பெனியிலிருந்து வரும். கேபினை மரச்சட்டம் வைத்துத் தகரம் அடித்து உள்ளூரில் கட்டினார்கள். அதனால் 'கம்பெனி கேபின்' என்று தேடி அலையாதீர்கள், கிடைக்காது. சட்டம் உளுத்துப் போயிருந்தால் புதுத் தகரத்தை எதில் அடிப்பது? முதலில் தச்சர் வரணும். செலவு ஏறுவது முக்கால்வாசி இந்த இடத்தில்தான்.

இப்போது செய்ய வேண்டியது: மேற்கொண்டு பணம் தருவதற்கு முன் நேரில் போங்கள். வெட்டி எடுத்த தகரத்தைக் காயலான் கடைக்குப் போடாமல் காட்டச் சொல்லுங்கள். மரவேலை, டிங்கரிங், பெயிண்ட், குஷன் என்று தனித்தனியாக எழுதி வாங்கி, ஒன்று முடிந்ததும் அதற்கு மட்டும் பணம் கொடுங்கள். "பட்டி போடுறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி வையுங்கள். சொன்னதும் முகம் சுளிக்கிற பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவிடலாம். சந்தோஷமாகக் கூப்பிடுகிறவர் கேட்கிற தொகை பெரும்பாலும் நியாயமானதாகவே இருக்கும்.

முன்பக்க கிரில்லில் இருக்கிற பென்ஸ் ஸ்டாரைக் கழற்றி வீட்டில் வைத்தீர்களா? 1954-லிருந்து 1969 வரைதான் ஜெர்மன்காரர்களோடு டாடாவுக்குக் கூட்டு. அந்த ஸ்டார் தொலைந்தால் வேறு தேடி வாங்குவது பெரும் பாடு.

ஜூலையில் ஜீப்புக்கு பெயிண்ட் அடித்தார்கள். வெள்ளை பூத்த மாதிரி மங்கிக் கிடக்கிறது. பாலிஷ் போட்டால் போய்விடும் என்கிறார்கள்.
*– ஊட்டி வாசகர்*

ஜூலையில் ஊட்டியில் பெயிண்ட் அடிக்கக் கொடுத்த உங்களைச் சொல்வதா, வாங்கிக்கொண்ட அவர்களைச் சொல்வதா! பெயிண்டில் கலக்கிற தின்னர் வேகமாகக் காயும்போது தகரம் சில்லிட்டு, காற்றிலுள்ள ஈரம் பெயிண்ட் மேலேயே படிகிறது. லேசான பூப்பு என்றால் பாலிஷில் போகும். இல்லையென்றால் மெதுவாகக் காய்கிற தின்னரை மேலே அடித்துச் சரி செய்யலாம். ஆழமாகப் போயிருந்தால் தேய்த்து மறுபடி அடிப்பதுதான் வழி. அந்தச் செலவு பட்டறையுடையது, தயங்காமல் கேளுங்கள். ஆனால் ஜனவரி வரை பொறுங்கள். அப்போதும் உறைபனி இறங்கிய காலையில் வேண்டாம். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறட்டும்.

பழைய லாரிக்கு வின்டேஜ் நம்பர் வாங்கலாமா? எஞ்சின் போய்விட்டது, 407 எஞ்சின் போடலாம் என்கிறார் மெக்கானிக்.
*– குன்னூர் வாசகர்*

2021 ஜூலையில் வந்த மத்திய விதி, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத்தான். முதல் பதிவாகி ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். சரக்கு வண்டியாகப் பதிவான லாரி இதில் சேராது. 407 எஞ்சின் ஏற்றினால் சொந்த உபயோக வண்டிக்குக்கூட வழி அடைபடும், ஆர்சியிலும் திருத்தணும். பழைய எஞ்சினையே பிரித்து வேலை பார்க்க ஆள் தேடுங்கள். கலரை மாற்றினாலும் ஆர்டிஓ ஆபீஸில் சொல்லி ஆர்சியில் ஏற்றிவிடுங்கள்.

தினமும் பட்டறைக்கு வந்து பார்த்தால் கோபிப்பார்களா?
*– கூடலூர் வாசகி*

வாங்கம்மா, டீ தருகிறேன். மச்சினரை மட்டும் கூட்டி வராதீர்கள். யூடியூப் பார்த்துவிட்டு மேஸ்திரிக்கு வெல்டிங் சொல்லிக் கொடுப்பார். அன்றைக்கு வேலை நின்றுவிடும்.