ஐரோப்பாவில் பிரான்சின் பிறப்பு விகிதம் உயர்வாக இருக்கக் குடியேறிய பெண்கள்தான் காரணமா?

கொஞ்சம் காரணம். டிவி விவாதங்களில் சொல்லும் அளவுக்கு நிச்சயமாக இல்லை.

நன்றாக அலசப்பட்ட ஆண்டு என்பதால் 2017ஐ எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு குடியேறிய பெண்களின் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தைகள் என்ற கணக்கு, 2.6. பிரான்சிலேயே பிறந்த பெண்களுக்கு 1.77. எல்லோரையும் சேர்த்தால் 1.88. அதாவது, குடியேறியவர்களால் நாட்டின் சராசரி கூடியது 0.11தான். பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் அவர்கள் ஏறக்குறைய எட்டில் ஒருவர். சராசரியை இழுத்துப் போக அந்த எண்ணிக்கை போதாது. அவர்களைக் கழித்துவிட்டாலும் பிரான்ஸ் ஐரோப்பாவின் முன்வரிசையில்தான் இருந்திருக்கும். அதே ஆண்டு இத்தாலியும் ஸ்பெயினும் குடியேறியவர்களையும் சேர்த்தே 1.3 சொச்சத்தில் நின்றன.

"பிறக்கும் ஐந்து குழந்தைகளில் ஒன்று அவர்களுடையது" என்பார்கள். அதுவும் உண்மைதான், 2017இல் 19 சதவீதம். ஆனால் அது பிறப்புகளில் உள்ள பங்கு. விகிதம் எவ்வளவு கூடியது என்பது வேறு கேள்வி.

சரி, அந்த 2.6ஐ அப்படியே நம்பலாமா? எனக்குப் பெரிய சந்தேகம் அங்கேதான். இந்த விகிதம் எந்தப் பெண்ணும் வாழ்ந்து முடித்த கணக்கு இல்லை. ஒரே ஆண்டில் 20 வயதுக்காரர், 21 வயதுக்காரர் என்று ஒவ்வொரு வயதிலும் பதிவான பிறப்பு வீதத்தை எடுத்து, எல்லாவற்றையும் கூட்டி வருவது. இப்போது அல்ஜீரியாவில் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். 23 வயதில் கல்யாணம். கணவர் பிரான்சில். விசா கிடைத்து இவர் போய்ச் சேர 28 ஆகிவிடுகிறது. அடுத்த நான்கு வருடத்தில் இரண்டு குழந்தைகள். குழந்தை இல்லாமல் காத்திருந்த வருடங்கள் பிரெஞ்சுக் கணக்கில் ஏறவே இல்லை. அடுத்தடுத்துப் பெற்ற வருடங்கள் மட்டும் ஏறின. இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தால் விகிதம் தானாகவே ஊதிவிடும்.

பிரெஞ்சு மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லொரான் தூலெமோன் 2004இல் இதைத்தான் பிரித்துக் காட்டினார். 1990களில் வழக்கமான முறையில் குடியேறிய பெண்களுக்கு 2.5 என்று வந்தது. வருவதற்கு முந்தைய வருடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 2.2. பிரான்சில் பிறந்தவர்களுக்கு அப்போது 1.65. வித்தியாசம் மறையவில்லை, ஆனால் நன்றாகவே சுருங்கிவிட்டது.

அப்புறம், "குடியேறியவர்" என்று எல்லோரையும் ஒரே கட்டில் கட்டுவதும் சரியில்லை. சிறுவயதிலேயே வந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள், பிள்ளை பெறுவதில் அங்கேயே பிறந்தவர்களை ஒட்டித்தான் நடக்கிறார்கள். வித்தியாசம் பெரிதாகத் தெரிவது பெரியவர்களாகி வந்தவர்களிடம். குடியேறியவர்களுக்குப் பிரான்சில் பிறந்த மகள்களோ இந்தக் கணக்கில் குடியேறியவர்களே இல்லை. மேலே சொன்ன 1.77க்குள் அவர்களும் அடக்கம்.