பக்கத்து நாற்காலியின் சம்பளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன். நிரந்தர வேலை, சம்பளத்திலும் குறையில்லை. ஆனாலும் காலையில் நாற்காலியில் உட்காரும்போதே அலுப்புத் தட்டுகிறது. என்னோடு சேர்ந்தவர் என்னைவிட அதிகம் வாங்குவது போன மாதம் தெரியவந்தது. அதற்குப் பிறகு வேலையே கசக்கிறது. இது பேராசையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பேராசை இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளப் பட்டியலை 2008இல் ஒரு செய்தித்தாள் இணையத்தில் போட்டது. பொருளியலாளர் டேவிட் கார்டும் மூன்று பேரும் அந்த ஊழியர்களில் சிலருக்கு மட்டும் பட்டியல் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டு, பிறகு எல்லோரிடமும் வேலை பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார்கள். விவரம் சொல்லப்பட்டவர்களில், தம் துறையில் நடுமட்டத்துக்குக் கீழே வாங்கியவர்களுக்கு மனநிறைவு குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. அதிகம் வாங்கியவர்களுக்கு? மகிழ்ச்சி ஒன்றும் கூடவில்லை! கூடுதலாகக் கிடைப்பதை நியாயம் என்று எடுத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் அலுப்புதான் முதலில் வருகிறது, சம்பளம் பிறகுதான். நானும் ஓர் அலுவலகத்தில் கொஞ்சகாலம் குப்பை கொட்டியவன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய குறிப்பு, ஓரத்தில் பச்சை மையில் ‘பேசவும்’ என்ற ஒரே சொல்லோடு திரும்பி வரும். போய்ப் பேசினால், எதற்குக் கூப்பிட்டோம் என்பதே அதிகாரிக்கு மறந்திருக்கும். கோப்பு எங்கே போனது, யாருக்கு என்ன ஆனது என்று கடைசிவரை தெரியாது. வேலைப்பளுவைத் தாங்கிவிடலாம், இதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

உளவியலாளர் ஆடம் கிரான்ட் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. பழைய மாணவர்களுக்குப் போன் போட்டு ஒரு பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை திரட்டும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் படிக்கும் ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் போனில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும் திரட்டிய தொகை 171 சதவீதமும் கூடியிருந்தன. சம்பளம் அதேதான்.

பட்டச் சான்றிதழ் கொடுக்கும் கவுண்டரில் வாரம் ஒருநாள் உட்காரக் கேட்டுப்பாருங்கள். திட்டும் கிடைக்கும், ஆனால் நீங்கள் சரிபார்த்த காகிதத்தை வாங்கும் கையையும் பார்ப்பீர்கள். சம்பள வித்தியாசத்துக்குக் காரணம் என்னவென்று எழுத்தில் கேளுங்கள். அதை மனதில் போட்டு அரைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஊதிய உயர்வுத் தேதியில் நடந்த பிழையாகக்கூட இருக்கலாம்.