சீரியஸ் காட்சியில் சிரிக்கிறார்களே, வசனத்தில் எதை வெட்டுவது?

கேள்வி: தனியாளாக ஒரு சின்ன ஃபேன்டசி ஆர்பிஜி (கதாபாத்திரங்களை வளர்த்துக்கொண்டே கதையில் போகும் வகை) கேம் செய்துகொண்டிருக்கிறேன். குரு சாகும் காட்சி, வில்லன் முன் நாயகன் சபதம் போடும் காட்சி இரண்டையும் உருகி உருகி எழுதினேன். விளையாடிப் பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். உணர்ச்சியைக் குறைத்து எழுத வேண்டுமா?

குறைக்க வேண்டாம். டிராகனும் சாபமும் அழியப்போகிற உலகமும் இருக்கும் கதையில் எல்லாரும் அடக்கி வாசித்தால் அதுவும் ஒட்டாது. திரையில் நடப்பதையே வசனம் மறுபடி சொல்வதுதான் பெரும்பாலும் கோளாறு. குரு விழுந்து கிடக்கிறார், இசை மாறிவிட்டது, நாயகன் மண்டியிட்டிருக்கிறான், அந்த நேரம் பார்த்து "குருவே, என் இதயம் நொறுங்குகிறதே!" என்று டெக்ஸ்ட் பாக்ஸ் திறந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அதை எடுத்துவிட்டு, "வாளை இன்னும் துடைக்கவில்லை குருவே, காலையில் துடைத்துவிடுகிறேன்" என்று மட்டும் அவனைச் சொல்ல வையுங்கள். ஆனால் வாளைத் துடை, துடை என்று அவர் நச்சரித்ததை விளையாடுபவர் முன்பே இரண்டு மூன்று இடத்தில் கேட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் வெறும் வசனம்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று: கேமில் உருக்கத்தை வசனம் மட்டுமே சுமக்க வேண்டியதில்லை. 1994-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 6-இன் ஓபரா காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குட்டிக் குட்டி பிக்சல் உருவங்கள், மேடையில் நடப்பதோ அப்பட்டமான காதல் சோகம். அப்படியும் அது இன்றுவரை பேசப்படுகிறது என்றால், ஒரு காரணம் பாட்டின் அடுத்த வரியை நினைவில் வைத்துச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியது நாமே என்பதுதான். மேடையில் சொதப்பிவிடுவோமோ என்கிற பதற்றம் இருக்கும்போது கிண்டல் செய்ய ஏது நேரம்? ஃபைனல் ஃபேன்டசி 7-இல் ஏரித் சாவதும் அப்படித்தான் (1997-இல் வந்த கேம், இனி இது ஸ்பாய்லர் ஆகாது). நம் குழுவில் நாம் வளர்த்து, நம்பிச் சண்டைக்கு அழைத்துப்போன ஆள் அவள். உங்கள் குருவையும் சில சண்டைகளில் கூட வர விடுங்கள், அவருடைய குணப்படுத்தும் மந்திரம் இல்லாமல் முதல் பாஸை, அதாவது முதல் பெரிய எதிரியைத் தாண்டவே முடியாதபடி வையுங்கள். அப்புறம் அடுத்த சண்டையில் மெனு திறக்கும்போது அந்தப் பெயர் இருக்காது. அதற்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

சபதத்துக்கு வருவோம். பஞ்ச் டயலாக் தப்பில்லை, ஆனால் அதற்கேற்ற உலகம் சுற்றிலும் இருக்க வேண்டும். 1997-இல் வந்த காசில்வேனியா கேமில் டிராகுலா கோப்பையை வீசியெறிந்துவிட்டு மனிதன் என்றால் யார் என்று தத்துவம் பேசுவார், மிகையின் உச்சம். ஆனால் அந்தக் கோட்டை, இசை, உடை எல்லாமே அதே அளவு மிகை என்பதால் ரசிகர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். உங்கள் நாயகன் போன காட்சிவரை நண்பர்களோடு "டேய், சரி வா" என்று பேசிவிட்டு வில்லனைப் பார்த்ததும் "யாம் உன் குலத்தை வேரறுப்போம்" என்றால் யாரோ எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். செந்தமிழ் வேண்டுமென்றால் வில்லனுக்குக் கொடுங்கள், முதல் காட்சியிலிருந்தே கொடுங்கள்.

வேண்டுமென்றே அசட்டுத்தனமாக ஒரு இடம் வைத்தால், கேமுக்குள் யாராவது அதைக் கவனிக்க வேண்டும். ஃபைனல் ஃபேன்டசி 10-இல் நாயகன் டீடஸும் நாயகி யூனாவும் வலிந்து சிரிக்கும் காட்சியைத் துண்டாக வெட்டிப் போட்டு உலகமே கேலி செய்தது. முழுதாகப் பார்த்தால் கூட இருப்பவர்களே இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று திகைத்துப் பார்க்கிறார்கள், ஆகவே அந்தச் சங்கடம் கதையின் பகுதியாகிவிடுகிறது. இதைச் சாக்காக வைத்து எல்லா உருக்கமான இடத்திலும் ஒருவனை ஜோக் அடிக்க வைக்காதீர்கள், அது இன்னும் மோசம்.

குரல் சேர்க்கப் போகிறீர்களா? நடிப்பவரிடம் வரிகளை மட்டும் நீட்டாமல், முன்னால் என்ன நடந்தது, எதிரில் நிற்பவர் யார் என்பதையும் எழுதிக்கொடுங்கள். 2006-இல் வந்த ஆப்லிவியன் கேமில் நடிகர்களுக்கு வசனங்கள் அகரவரிசையில் தரப்பட்டன, ஒரே உரையாடலுக்குள் தொனி தாவுவதை இன்றும் கேட்கலாம்.

அடுத்த முறை யாராவது விளையாடும்போது எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் விரலைப் பாருங்கள். எந்த வரியில் பட்டனைப் படபடவென்று தட்டித் தள்ளுகிறார்களோ, வெட்டுவதை அங்கே தொடங்குங்கள்.